முன்னால் ஒரு புள்ளி

அந்த அக்கா கடைக்குள் நுழைந்தால் என்னைப் பார்க்கமாட்டார். முதலாளியையும் பார்க்கமாட்டார். நேராகப் பின்கட்டுக்குப் போய், எடைக்கு வந்து கிடக்கும் பழைய பித்தளைக் குவியலின் முன்னால் குந்திவிடுவார். ஒவ்வொரு சாமானாக எடுத்து, முந்தானையால் துடைத்து, பேர் வெட்டியிருக்கும் இடத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

"கு... ப்பு... குப்பம்மாள்."

படித்து முடித்ததும் அவர் முகம் ஒரு கணம் வாடும். பிறகு மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அந்தப் பேரை எழுதிக்கொள்வார். அடுத்த சாமானை எடுப்பார். வெள்ளிக்கிழமைதோறும் இது நடந்தது.

ஆரணி பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் பேர் வெட்டுவது என் வேலை. கல்யாணச் சீருக்கு வாங்குகிற குடம், அண்டா, தட்டு, டம்ளர் எல்லாவற்றிலும் பெண்ணின் பேரை வெட்டித் தரவேண்டும். இப்போது அதற்கு மிஷின் இருக்கிறது. அப்போது உளியும் சுத்தியும்தான். ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகத் தட்டி எடுக்க வேண்டும். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். கையெழுத்து நன்றாக இருந்ததால் இந்த வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். சீட்டில் எழுதிக்கொண்டு வருவதைப் பார்த்து அப்படியே வெட்டுவேன். எழுத்தைத்தான் பார்ப்பேன், பேரைப் பார்க்கமாட்டேன். காலையில் நாற்பது தட்டுக்குப் பேர் வெட்டியிருப்பேன். மத்தியானம் சாப்பிடும்போது யாருடைய பேர் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆட்களோடு பேசவும் எனக்கு வராது. குனிந்தபடியே செய்யலாம் என்பதால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்தது. அந்த அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்த பிறகும், யாரோ எதிரில் நிற்பதுபோலக் குனிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

அவரை எல்லோரும் 'பாவு பிணைக்கிற அக்கா' என்பார்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடியப்போகிற சமயத்தில், மிச்சமிருக்கிற பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். தலைமுடியைவிட மெல்லிய பட்டு. விரல் வழுக்காமல் இருக்க, சலித்த சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். அக்காவின் இடுப்பில் பழைய பவுடர் டப்பா ஒன்றில் அந்தச் சாம்பல் எப்போதும் இருக்கும். அவர் கட்டைவிரலும் சுட்டுவிரலும் எப்போதும் வெளுத்தே இருக்கும். டவுனிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் தறி இருக்கிற வீட்டுக்கெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். அரை நாள், ஒரு நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய வேலை. கை பிணைத்துக்கொண்டிருக்கும்போது வாய் கேட்டுக்கொண்டிருக்கும்.

"உங்கம்மா பேரு இன்னா?"

சொல்வார்கள்.

"அவங்களைப் பெத்தவங்க?"

கொஞ்சம் யோசித்துச் சொல்வார்கள்.

"அவங்களைப் பெத்தவங்க?"

அங்கே நின்றுவிடுவார்கள். "மூணாவது படியில எல்லாரும் வழுக்கிடறாங்கப்பா" என்று அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார். தெரிந்ததை நோட்டில் எழுதிக்கொள்வார். தெரியாத இடத்தில் ஒரு கோடு போட்டு இடம் விட்டுவிடுவார். ஆண் பேர் ஒன்றுகூட அந்த நோட்டில் கிடையாது.

ஒரு வீட்டில் வயதான நெசவாளி ஒருவர், "இன்னாம்மா பொம்பளைங்க பேரையே கேட்டுகினு கீறே? என்னைக் கேளு. எங்க அப்பன், பாட்டன், பூட்டன்னு ஏழு தலைமுறை சொல்றேன்" என்று மூச்சுவிடாமல் சொன்னாராம். சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டாராம். அக்கா இழையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரிங்க. அந்த ஏழு பேரும் மானத்துலேந்து குதிச்சாங்களா?" என்றாராம். அந்த வீட்டு மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாளாம்.

அக்கா செய்ததெல்லாம் நல்லதாகவே முடிந்தது என்று சொல்லமாட்டேன். அவர் தெருவில் இரண்டு பெண்கள் குழாயடியில் தினமும் சண்டை போடுவார்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்த அக்கா ஒருநாள் நடுவில் போய் நின்று, "நிறுத்துங்கடி. உங்க ரெண்டு பேரோட அம்மாவைப் பெத்தவங்களும் அக்கா தங்கச்சிங்க. ஒரே வயித்துல பொறந்தவங்க" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் ஒருத்தி வீட்டிலிருந்து இன்னொருத்தி வீட்டுக்குக் கிண்ணத்தில் குழம்பு போனது. மறுநாள் காலை மறுபடியும் சண்டை. "அப்போ எங்க ஆயா கம்மலை அமுக்கினது உங்க ஆயாதானா?" என்று ஒருத்தி கத்த, முன்பு தண்ணீருக்கு நடந்த சண்டை இப்போது கம்மலுக்கு நடந்தது. அக்கா என்னிடம் வந்து, "பேஜாரா பூட்சுப்பா. இருந்தாலும் சொந்தக்காரிங்கன்னு தெரிஞ்சு போடறாங்க பாரு, அது ஒரு சந்தோஷம்" என்றார்.

என்னையும் கேட்டார். அம்மா பேரைச் சொன்னேன். அவர்களைப் பெற்றவர் பேர் தெரியவில்லை. "ஆயான்னுதான் கூப்பிடுவோம்" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் பேர் வெட்டறே. உங்க ஆயா பேரு தெரியலையா? கேட்டுகினு வா" என்றார். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேட்டேன். அம்மா அரிசி களைந்த கையோடு நின்று, "இன்னாத்துக்குடா இப்போ?" என்றது. பிறகு கொஞ்சநேரம் கழித்துத் தானாகவே, "முனியம்மா" என்றது. அந்தப் பேரைச் சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ, சொல்லிவிட்டு இன்னொரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தது.

இதெல்லாம் அந்த அக்காவுக்கு ஒரு பைத்தியம் என்றுதான் மூன்று நான்கு வருஷம் நினைத்திருந்தேன். பழைய பித்தளைக் குவியலில் அவர் தேடியது ஒரே ஒரு பேர் என்பது எனக்குத் தெரியாது.

தெரியவந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. தொண்ணூறுகளின் பாதியில், ஆடி மாதம் பிறந்திருந்த சமயம். கல்யாணம் இல்லாத மாதம், கடையில் கூட்டம் இல்லை. முதலாளி கல்லாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா குவியலைப் பார்த்து முடித்துவிட்டு, எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். முட்டியைத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"எங்கம்மா பேரு எனக்குத் தெரியாதுப்பா."

நான் உளியைக் கீழே வைத்தேன்.

அவர் தாய்ப்பால் குடிக்கிற குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். அம்மாவின் ஊர் பெரணமல்லூர். வாழவந்த வீட்டில் மாமியார் "பெரணமல்லூரா" என்றுதான் கூப்பிட்டாராம். தெருவும் அப்படியே கூப்பிட்டது. அப்பா "இந்தா" என்பார். பெண்டாட்டி பேரைச் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. இரண்டாவதாக வந்த சித்தி அந்தப் பேச்சையே எடுக்கவிட்டதில்லை. விவரம் தெரிந்து கேட்கலாம் என்ற வயதில் அப்பாவும் இல்லை. ஒருமுறை பெரணமல்லூருக்கே போய் விசாரித்திருக்கிறார். தாய் வீட்டு ஜனங்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். ஒரே ஒரு கிழவருக்கு ஞாபகம் இருந்தது. "குட்டியைக் கேக்கறியா? குட்டின்னுதான் கூப்பிடுவோம்" என்றாராம். அவளுக்கு வைத்த பேர் என்ன என்று கேட்டதற்கு, "அது அவங்க அப்பனைப் பெத்தவங்க பேரு. மாமியா பேரைச் சொல்லி மருமக எப்படிப் புள்ளையைத் திட்டுவா? அதான் குட்டி" என்றாராம். அந்த அப்பனைப் பெற்றவள் பேர்? கிழவர் கையை விரித்துவிட்டார்.

"அங்க குட்டி. இங்க பெரணமல்லூரா. நடுவுல ஒரு பேரு இருந்திருக்கும் இல்ல? கோயில்ல அர்ச்சனைக்குச் சொல்ற பேரு ஒண்ணு?"

இருந்தது. அதை அக்காவே பார்த்திருக்கிறார். அம்மா சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குடத்தின் தோளில் அந்தப் பேர் வெட்டியிருந்தது. சித்தி வீட்டில் அந்தக் குடத்தில்தான் அக்கா தண்ணீர் எடுத்தார். ஏழு எட்டு வயதிலிருந்து கல்யாணம் ஆகிப் போகிறவரைக்கும்.

"இடுப்புல வெச்சா அந்த எழுத்து கையில நெறநெறன்னு ஒரசும். தினம் நாலு நடை. ஆனா எனக்குப் படிக்கத் தெரியாதே."

அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. கணவர் இறந்து, பிள்ளையில்லாமல், சித்தி மகனான தம்பி வீட்டுக்கே திரும்பி வந்த பிறகுதான், நாற்பது வயதுக்கு மேல், தெருவில் பெரியவர்களுக்கு நடந்த எழுத்து வகுப்பில் சேர்ந்து படிக்கக் கற்றுக்கொண்டார். அ, ஆ தெரிந்து, எழுத்துக் கூட்ட வந்ததும் குடத்தைத் தேடினார். குடம் இல்லை. தம்பி அதற்கு முன்பே யாருக்கோ கொடுத்துவிட்டான். யாருக்கு என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. என்றைக்காவது எடைக்கு வந்துதானே ஆகவேண்டும் என்று அன்றிலிருந்து பஜாரில் உள்ள பாத்திரக் கடை ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தார்.

"பார்த்தா எனக்குத் தெரிஞ்சிடும்பா. அடியில எட்டணா அளவுக்குச் செம்பு ஒட்டு கீது. கழுத்தாண்ட ஒரு நெளிசல், கட்டைவிரல் வெச்சு அமுக்கினாப்போல. நான்தான் கெணத்தடியில போட்டேன். அதுக்குச் சித்தி கொடுத்த சூடு இன்னும் கால்ல கீது."



அந்தக் குடம் இரண்டு வாரத்துக்கு முன்னால் என் மடியில் இருந்தது.

சனிக்கிழமை எடைக்கு வந்தது. திங்கட்கிழமை ஒரு அம்மாள், கல்யாணத்துக்கு இருக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வசதி இல்லாதவர்கள். சீரில் பித்தளைக் குடம் இல்லாவிட்டால் பேச்சு வரும். புதுசு வாங்க முடியவில்லை. குவியலிலிருந்து அந்தக் குடத்தை எடுத்து, "பழைய பேரை அழிச்சுட்டு எம் பொண்ணு பேரைப் போட்டுக் குடுங்க. முள்ளிப்பட்டுல குடுக்கறோம். மாப்பிள்ளை வூட்டுக்குத் தெரியவேணாம்" என்று என் காதோடு சொன்னார். பெண் பேர் செல்வி. நான் அரத்தை எடுத்துப் பழைய பேரைத் தேய்த்தேன். புதுப் பேர் வரவேண்டிய இடத்தில் அழுத்தித் தேய்த்தேன். பழைய பேரின் வால் பக்கம் தகடு மெலிந்திருந்ததால் லேசாகத்தான் அரம் போட்டேன். உப்புத்தாள் போட்டு, புளி வைத்துத் துலக்கி, பழைய பேர் ஆரம்பித்த இடத்திலேயே 'செல்வி' என்று வெட்டினேன். அழித்த பேர் என்ன என்று நான் படிக்கவில்லை. அழிக்கப் போகிற எழுத்தை யார் படிப்பார்கள்?

"பார்த்தியாப்பா அந்த மாதிரிக் குடம்?" என்று அக்கா கேட்டார்.

"இல்லைக்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். அந்தப் பெண்ணின் ரகசியத்தைக் காப்பாற்றினேன் என்று கொஞ்சநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அக்கா அழுதுவிடுவார் என்று பயம். முதலாளி பேப்பரை இறக்கிவிட்டுப் பார்ப்பார், தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், எல்லோரும் பார்க்க நான் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும் என்ற பயம். அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து எனக்கிருக்கும் குணம் அது. ஒரு வார்த்தை சொல்லவேண்டிய இடத்தில் குனிந்துகொள்வேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை, போன வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று தோன்றியது. அப்படியே இரண்டு வருஷம் போனது. அந்த இரண்டு வருஷமும் அக்கா வந்துகொண்டிருந்தார். குவியலைத் துழாவினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். என் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்கும். "கா... கா... காமாட்சியம்மாள்." நான் உளியைச் சத்தமாகத் தட்டுவேன்.

ஒருநாள் ஒரு பொட்டலத்தோடு வந்தார். அவரே சுட்ட அதிரசம். என் பக்கத்தில் வைத்தார்.

"இனிமே வரலப்பா. முட்டி வலி. பழைய பித்தளையெல்லாம் லாரியில ஏத்தி உருக்கறதுக்கு அனுப்பிடறாங்களாமே, நேத்துதான் சொன்னாங்க. எங்கம்மா பேரு எப்பவோ தண்ணியா உருகியிருக்கும்." சிரித்தார். "பஜார்ல அத்தினி கடையிலயும் என்னைத் தொரத்தியிருக்காங்க. நீ ஒருத்தன்தான் ஒரு சொல்லு சொன்னதில்ல. நல்லா இரு."

ஒரு சொல்லும் சொல்லாததற்கு எனக்கு அதிரசம்.

அப்போதுதான் சொன்னேன். கடை வாசலில், அவர் செருப்பு போடக் குனிந்தபோது, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. யாரும் நின்று பார்க்கவும் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, "முள்ளிப்பட்டுல எந்த வூடு?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போனோம். இறங்குகிற சமயத்தில், "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் வரக்கூடாது. எப்படிக் குடத்தைக் கேப்பே?" என்றார். நான் யோசித்து வைத்திருந்தேன். ஒரு உளி, ஒரு சுத்தி கையில் எடுத்து வந்திருந்தேன்.

வீட்டில் செல்வியின் மாமியார் இருந்தார். தறிச் சத்தம் உள்ளேயிருந்து வந்தது. என்னைப் பார்த்ததும் செல்வியின் முகம் வெளிறிவிட்டது. நான் மென்று விழுங்கிச் சொன்னேன். "ஆரணியில பாத்திரக் கடைங்க. இவங்க குடத்துல 'ல்' மேல புள்ளி விட்டுப் போச்சு. இந்தப் பக்கம் வந்தேன். வெச்சுட்டுப் போயிடறேன்."

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அடங்கப்பா! ரெண்டு வருசமா புள்ளி இல்லாமலா தண்ணி குடிச்சிகினு கீறோம்? இதுக்குன்னு பஸ் ஏறி வந்தியா? கூட இவங்க யாரு?"

"பாவு பிணைக்கறேங்க. இவரு எந்தம்பி மாதிரி" என்றார் அக்கா.

"அய்ய, வாங்க வாங்க, உக்காருங்க. அடுத்த வாரம் இங்கயே பிணைக்க ஆளு வேணும்."

செல்வி குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அக்கா குடத்தைத் தொடவில்லை. முதலில் சும்மா பார்த்தார். பிறகு அடியைத் திருப்பினார். செம்பு ஒட்டு. கழுத்தில் நெளிசல். கட்டைவிரலை அதில் வைத்தார். சரியாக உட்கார்ந்தது.

இல்லாத புள்ளியை நான் தேடுவதுபோலக் குனிந்தேன். அக்கா இடுப்பிலிருந்த பவுடர் டப்பாவைத் திறந்தார். "கறை கீது, துடைச்சிட்டுக் குடுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே சாம்பலைத் தொட்டு, 'செல்வி' என்ற எழுத்தின் மேலேயும் அதைத் தாண்டியும் மெதுவாகத் தேய்த்தார். இழையை முறுக்குகிற அதே விரல்கள். பிறகு உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தார். மேலே இருந்த சாம்பல் போனது. குழியில் இருந்தது நின்றது.

'செல்வி'க்கு அடியில் ஒன்றும் இல்லை. அங்கே நான் நன்றாக வேலை செய்திருந்தேன். செல்வி என்பது சின்னப் பேர். பழைய பேர் நீளமானது. 'வி'யைத் தாண்டி, அரம் லேசாகப் பட்ட இடத்தில், சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக எழுத்துகள் எழுந்தன.

ம்மாள்.

அக்காவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"இன்னாம்மா அது, எழுத்தாட்டம் கீதே?" என்று மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தார். செல்வி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அக்கா முந்தானையை எச்சிலில் நனைத்து அந்த இடத்தை ஒரே அழுத்தாக அழுத்தித் துடைத்தார். "ஒண்ணுமில்லீங்க. புதுப் பித்தளையில இப்படித்தான் கறை விழும்" என்றார். குடம் பளிச்சென்று ஆனது. அதை எடுத்துச் செல்வியின் கையில் கொடுத்து, "நல்ல கனமான குடம்மா. உங்கம்மா பார்த்து வாங்கியிருக்காங்க. பத்திரமா வெச்சுக்கோ" என்றார். செல்வியின் கண் நிறைந்துவிட்டது. ஏனென்று அவளுக்கே முழுசாகத் தெரிந்திருக்காது.

அக்காவின் அம்மா பேரில் மிச்சமிருந்த எழுத்துகளை நான் அழிக்கவில்லை. ஆனால் அவரே அழிக்கும்படி கொண்டுபோய் நிறுத்தியவன் நான்தான்.

பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் நின்றோம். அக்கா என் வலது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார்.

"அரம் போட்டப்போ முதல் எழுத்து கோடா இருந்துச்சா, வளைவா?"

கண்ணை மூடி, அரம் பிடிப்பதுபோலக் கையை அசைத்துப் பார்த்தேன். எத்தனையோ பேரைத் தேய்த்த கை. ஒன்றும் வரவில்லை. "தெரியலக்கா" என்றேன்.

"அந்த வாரமே கேட்டிருந்தா உன் கை சொல்லியிருக்கும்பா" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு, "நான் படிக்கத் தெரியாம விட்டேன். நீ படிக்கத் தெரிஞ்சும் விட்டுட்டே" என்றார்.

பஸ் வந்தது. சீட்டில் உட்கார்ந்ததும் நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தைத் திருப்பினார். அங்கே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது, வருஷக்கணக்காக. அந்தக் கோட்டின் முடிவில், பஸ் ஆட்டத்தில் கோணலாக, 'ம்மாள்' என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "இது எல்லார் பேர்லயும் கீது இல்ல? முன்னாடி இருந்துச்சே, அதுதான் எங்கம்மா."

அதற்குப் பிறகும் வந்தார். எப்போதாவது வருவார், குவியல் பக்கம் போகமாட்டார். என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான்தான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாமல் இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து இரண்டொரு வருஷம் கழித்து ஒருநாள், ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி என்னிடம் நீட்டினார்.

"எம் பேரு வெட்டு."

பேரைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவர் பேரை நான் கேட்டேன். சீட்டில் எழுதிக்கொண்டு, "இனிஷியல் இன்னா போடறதுக்கா? அப்பா பேரா, வூட்டுக்காரர் பேரா?" என்றேன். கடையில் எல்லோரையும் கேட்கிற கேள்விதான்.

"அம்மா பேரு."

சீட்டைக் கீழே வைத்தேன்.

"எழுத்து தெரியாதுன்னா விடு. புள்ளி தெரியும் இல்ல? இனிஷியலுக்கு அப்புறம் ஒரு புள்ளி வெப்பே இல்ல, அதை மட்டும் வெய்யி. முன்னாடி இடம் விட்டுடு."

அப்படியே வெட்டினேன். ஒரு எழுத்து அளவுக்கு வெற்றிடம். ஒரு புள்ளி. பிறகு அவர் பேர். வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரலால் அந்த வெற்றிடத்தைத் தடவினார். "நல்லா வந்திருக்கு" என்றார்.

மூன்று வருஷம் கழித்து அக்கா இறந்துபோனார். எனக்குச் சாவுக்குப் போகத் தெரியும், துக்கம் கேட்கத் தெரியாது. கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு வந்தேன். அந்த நோட்டைக் கேட்டு வாங்கியிருக்கலாம். அன்றும் வாய் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவர் தம்பி மகன் ஒரு சாக்கில் சாமான்களைக் கொண்டுவந்து கடையில் கொட்டினான். அவற்றில் அந்த டம்ளர் இருந்தது. நான் எடுத்துக்கொண்டேன்.

"அது வேணாங்க, பேர் தப்பா வெட்டியிருக்கு" என்றான் அவன். "முன்னாடி ஒரு புள்ளி சும்மா விழுந்திருக்கு பாருங்க."

"தப்பில்லப்பா. நான்தான் வெட்டினேன்" என்றேன்.

நோட்டைப் பற்றிக் கேட்டேன். இந்த ஒருமுறை உடனே கேட்டேன். பழைய பேப்பரோடு போட்டுவிட்டதாகச் சொன்னான்.

பழைய பேரை அழித்துத் தரச் சொல்லி இப்போதும் யாராவது வருவார்கள். அரம் எடுப்பதற்கு முன்னால் அந்தப் பேரை வாய்விட்டுப் படித்து, ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். கடையில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அக்காவின் பேரை இதில் எங்கும் நான் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எழுதினால் முன்னால் ஒரு எழுத்துக்கு இடம் விட்டு, ஒரு புள்ளி வைத்துத்தான் எழுத வேண்டும். அச்சுக் கோக்கிறவர்கள் பிழை என்று நினைத்து அந்தப் புள்ளியை எடுத்துவிடுவார்கள்.